ஹெலன், ஐரீன், ஆக்னஸ்: கிரேக்கப் பெண் பெயர்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

நான் ஏழாம் வகுப்பு படித்தது கடலோரத்து ஊர் ஒன்றில். காலையில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தால் ஆக்னஸ், கேத்தரின், சிந்தியா, ஹெலன், ஐரீன், மார்கரெட், பிலோமினா என்று வரிசையாக ஓடும். புதிதாக மாற்றலாகி வந்த கணக்கு சார் ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு, "என்னம்மா, பாதி கிளாஸ் இங்கிலீஷ் பேரா இருக்கு?" என்று கேட்டார். யாரும் மறுக்கவில்லை. எங்களுக்கும் அவை இங்கிலீஷ் பேர்தான். ஞானஸ்நானத்தில் சாமியார் ஊற்றிய தண்ணீரோடு வந்த பேர், அவ்வளவுதான் தெரியும்.

அந்த ஏழில் ஒன்றுகூட ஆங்கிலத்தில் பிறந்ததில்லை. ஏழும் கிரேக்கத்திலிருந்து கிளம்பி, லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் கைமாறிக் கைமாறி எங்கள் ஊர் வந்து சேர்ந்தவை. இந்த விஷயம் தெரிந்த பிறகு இணையத்தில் அர்த்தம் தேடிப் பார்த்தேன். ஹெலன் என்றால் ஒளி, கேத்தரின் என்றால் தூய்மை, ஆக்னஸ் என்றால் ஆட்டுக்குட்டி என்று பட்டியல்கள் கொட்டின. அவற்றில் சில சரி, சில தப்பு, சிலவற்றுக்கு உண்மையில் யாருக்குமே அர்த்தம் தெரியாது. ஆனால் பட்டியலில் எல்லாம் ஒரே தோரணையில் இருக்கும். அதனால் பட்டியலை மனப்பாடம் செய்வதை விட, ஒரு கிரேக்கப் பெயரைக் கையில் எடுத்தால் அதை எங்கே உடைக்க வேண்டும், எங்கே உடைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

உடைத்தால் உடையும் பெயர்கள்

பூங்கொடி, தேன்மொழி, தமிழ்ச்செல்வி மாதிரி இரண்டு சொல் ஒட்டிய பெயர்கள் கிரேக்கத்தில் ஏராளம். ஒரு டஜன் துண்டுகள் தெரிந்தால் போதும், ஐம்பது அறுபது பெயர்களைப் படித்துவிடலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய துண்டு 'நல்ல' என்று பொருள்படும் ஒரு சின்ன முன்னொட்டு. பழைய கிரேக்கத்தில் 'எஉ' என்று ஒலித்தது, இன்றைய கிரேக்கத்தில் 'எவ்' அல்லது 'எஃப்' ஆகிவிட்டது, ஆங்கிலத்தின் வாயில் 'யூ' ஆனது. இந்த மூன்று உச்சரிப்பும் ஒரே எழுத்துகள்தான் என்று தெரியாததால்தான் யூஜீனியாவும் எவ்யெனீயாவும் வேறு வேறு பெயர் என்று தோன்றுகிறது. 'கெனோஸ்' என்றால் குலம், ஆகவே நற்குலத்தாள். 'அந்தோஸ்' என்றால் பூ. எவாந்தியா, நன்றாகப் பூத்தவள். 'தீஹி' என்றால் அதிர்ஷ்டம். எஃப்தீஹீயா என்பது இன்றைய கிரேக்கத்தில் பெண் பெயராகவும் இருக்கிறது, 'சந்தோஷம்' என்ற சாதாரணச் சொல்லாகவும் இருக்கிறது.

எவாஞ்சலின் என்ற பெயரை நம் ஊரில் கேட்டிருப்பீர்கள். கிரேக்கத்தில் அது எவாங்கெலீயா. 'அங்கெலோஸ்' என்றால் செய்தி கொண்டு வருபவன். வானதூதருக்கு ஏஞ்சல் என்ற பெயர் வந்ததே அவர் தூது வருவதால்தான். முன்னால் 'நல்ல' சேர்த்தால் நற்செய்தி. நம் 'சுவிசேஷம்' என்ற சொல்லையும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள்: 'சு' என்றால் நல்ல, 'விசேஷம்' என்றால் செய்தி. கிரேக்கச் சொல்லைத் துண்டு துண்டாக எடுத்து, துண்டுக்குத் துண்டு மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த துண்டு 'நிக்கே', வெற்றி. ஷூ கம்பெனியின் பெயரும் இதே தேவதைதான். யூனிஸ் என்ற பெயர் 'நல்ல வெற்றி'. தமிழ் பைபிளில் தீமோத்தேயுவின் அம்மா ஐனிக்கேயாள் என்று வருகிறாளே, அவள்தான் இந்த யூனிஸ். ஐனிக்கேயாளுக்குள் 'நிக்கே' அப்படியே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். தெசலோனிக்கேயர் என்ற நிருபத்தின் தலைப்பிலும் அது உண்டு. மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப்புக்குத் தெசலி நாட்டு வெற்றியை நினைவூட்டும்படி மகளுக்குத் தெசலோனிக்கே என்று பெயர் வைத்தார்கள். அலெக்சாண்டருக்கு அவள் வேறு தாய் வயிற்றுச் சகோதரி. அவளைக் கட்டிக்கொண்ட கசாண்டர் கி.மு. 315 வாக்கில் ஒரு நகரத்தை உருவாக்கி அதற்கு மனைவியின் பெயரை வைத்தான். இன்று கிரீஸின் இரண்டாவது பெரிய நகரம் அது. ஒரு போர், ஒரு பெண் குழந்தை, ஒரு நகரம், அப்புறம் பவுல் எழுதிய இரண்டு கடிதங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

'தெயோஸ்' கடவுள், 'தோரோன்' பரிசு. இந்த இரண்டையும் எந்தப் பக்கத்திலிருந்து ஒட்டினாலும் பெயர் கிடைக்கும். தியோடோரா, டோரதி. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: கடவுள் தந்த பரிசு. தியோடோராக்களில் புகழ்பெற்றவள், ஜஸ்டினியன் பேரரசனின் மனைவி. கான்ஸ்டான்டிநோபிளின் பந்தய மைதானத்தில் கரடி பராமரித்தவரின் மகள். 532-இல் நகரமே கொதித்தெழுந்து 'நிக்கா! நிக்கா!' என்று கத்தியது, 'வெல்! வெல்!' என்று அர்த்தம், மேலே பார்த்த அதே வேர். அரசன் கப்பலேறி ஓடத் தயாரானபோது, ஓட வேண்டாம் என்று தடுத்தவள் தியோடோரா என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். இத்தாலியின் ரவென்னா நகரத் தேவாலயச் சுவரில் பொடிக்கல் ஓவியமாக, முத்துச் சரங்கள் தொங்க, இன்றும் நின்றுகொண்டிருக்கிறாள்.

பூ என்ற 'அந்தோஸ்' இன்னும் பல பெயர்களில் வரும். ஹ்ரிசாந்தி, பொன்பூ, கிறிசாந்திமம் என்று நாம் சொல்லும் சாமந்தி வகையும் அதே ஒட்டுதான். ரொதாந்தி, ரோஜாப்பூ. 'அந்திர' என்றால் ஆண், வீரன்: அலெக்சாண்ட்ரா என்றால் ஆண்களைக் காப்பவள், ஆண்ட்ரியாவுக்குப் பின்னால் இருப்பது ஆண்மை, துணிச்சல் என்ற சொல். 'கிளெயோஸ்' என்றால் புகழ், 'பதேர்' என்றால் அப்பா. ஆகக் கிளியோபாட்ரா என்றால் தந்தையின் புகழ். எகிப்து ராணி என்று நாம் நினைக்கும் பெயர், சுத்தமான மாசிடோனியக் குடும்பப் பெயர்.

கடைசி எழுத்தையும் கவனியுங்கள். பெண் பெயர் பெரும்பாலும் 'ஆ'விலோ 'ஈ'யிலோ முடியும்: மரீயா, எலேனி. கொஞ்சம் 'ஓ'வில் முடியும்: சாப்போ, கலிப்சோ, மிர்த்தோ. 'ஓ'வில் முடிந்தால் ஆண் என்று நினைக்கும் இத்தாலியப் பழக்கம் இங்கே உதவாது. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்களுக்கு இந்த முடிவுகள் போதவில்லை போலும், பெரும்பாலானவற்றுக்கு 'ஆள்' சேர்த்துவிட்டார்கள்: ஃபீபி பெபேயாள் ஆனாள், குளோயி குலோவேயாள் ஆனாள், டார்கஸ் தொற்காள் ஆனாள். அர்த்தம் முறையே பிரகாசமானவள், இளந்தளிர், மான். தப்பித்தவர்களில் ஒருத்தி: பேதுரு கதவைத் தட்டியபோது சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலேயே உள்ளே ஓடிய வேலைக்காரப் பெண் ரோதை. ரோஜா என்று பொருள். சீதை, ராதை வரிசையில் அவள் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. இன்றைய கிரேக்கர்கள் டோரதியில் வரும் எழுத்தை 'ட' என்று சொல்வதில்லை. நாம் 'அது' என்று சொல்லும்போது நடுவில் வரும் மெல்லிய 'து' இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். ஆங்கிலேயர் தடுமாறும் இடத்தில் தமிழருக்குக் கஷ்டமே இல்லை.

உடைக்கத் தேவையில்லாதவை

சில பெயர்கள் ஒற்றைச் சொல். அகராதியில் இருப்பது அப்படியே பெயர். சோஃபியா, ஞானம். இஸ்தான்புல்லில் 537-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோஃபியாவைப் பலர் புனித சோஃபியா என்ற பெண்ணின் கோயில் என்று நினைக்கிறார்கள். அது 'புனித ஞானம்', கடவுளின் ஞானத்துக்கு அர்ப்பணித்தது. ஸோயி என்றால் உயிர், வாழ்வு. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள், ஆதாம் தன் மனைவிக்குப் பெயர் வைக்கும் வசனத்தில் ஏவாள் என்பதை ஒலி மாறாமல் எழுதவில்லை. அர்த்தம் பார்த்து 'ஸோயி' என்று எழுதினார்கள். மெலிசா என்றால் தேனீ. டாப்னி ஒரு மரம். ஐரிஸ், வானவில். மெலனி என்றால் கருத்தவள். சிவந்த குழந்தைக்கு ஆசை ஆசையாக மெலனி என்று பெயர் வைத்தவர்களிடம் இதைச் சொல்லி நான் ஒருமுறை விருந்தின் நடுவே அமைதியை உண்டாக்கியிருக்கிறேன். நம் கருப்பாயிக்கு அக்கா முறை வேண்டும், அவ்வளவுதானே!

எங்கள் வகுப்பு ஐரீனும் இந்த வகைதான். எயிரேனே, இன்றைய உச்சரிப்பில் இரீனி, அமைதி. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர்கள் அமைதியை ஒரு பெண் தெய்வமாகச் சிலை வடித்து வைத்தார்கள். செய்தவர் கெபிசோதோதோஸ். மூலம் அழிந்துவிட்டது, ரோமானியர் காலத்து நகல் ஒன்று ஜெர்மனியின் மியூனிக்கில் இருக்கிறது. அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அதன் பெயர் புளூட்டோஸ், செல்வம். அமைதியின் இடுப்பில்தான் செல்வம் வளரும் என்று கல்லிலேயே சொல்லிவிட்டார்கள். இதே பெயரோடு கான்ஸ்டான்டிநோபிளில் 797 முதல் 802 வரை தனியாக ஆட்சி செய்த பேரரசி ஐரீன், அரியணைக்காகச் சொந்த மகனின் கண்களைப் பிடுங்க வைத்தாள். பெயர்ப் பொருத்தம் என்று ஜோசியர்கள் சொல்வதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

சிந்தியாவுக்கும் சிந்து நதிக்கும் சம்பந்தம் இல்லை. அது ஊர்ப் பெயர். ஏகன் கடலில் தீலோஸ் என்ற குட்டித் தீவில் கிந்தோஸ் என்று ஒரு குன்று. ஆர்ட்டெமிஸ் தேவி அங்கே பிறந்தாள் என்பது ஐதீகம். அதனால் அவளுக்கு 'கிந்தோஸ்காரி' என்று ஒரு பெயர். லத்தீன் வழியாக வந்ததில் 'கி' 'சி' ஆகிவிட்டது. மாங்காட்டு அம்மன் என்பது போலத்தான்.

அதே தீலோஸ் தீவில் ஆர்ட்டெமிஸுக்குக் காணிக்கையாக ஒரு பெண் நிறுத்திய பளிங்குச் சிலை இப்போது ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 650 வாக்கில் செய்தது, பலகை மாதிரி தட்டையாக இருக்கும். அதன் பாவாடையின் பக்கவாட்டில் எழுதியிருப்பதன் சாரம் இது: என்னை நிறுத்தியவள் நிகாந்திரே; நாக்ஸோஸ் தீவின் தெய்னோதிக்கேஸின் மகள், மற்றவர்களை விடச் சிறந்தவள், தெய்னோமேனேஸின் சகோதரி, இப்போது பிராக்ஸோஸின் மனைவி. ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் மூன்று ஆண்களின் பெயர். ஆனால் முதலில் நிற்பது நிகாந்திரேதான். பெயரைப் பிரிக்க இப்போது உங்களுக்கே தெரியும்: நிக்கே, அந்திர. ஆண்களை வென்றவள் என்றும் படிக்கலாம்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பிற்கால ஏதென்ஸில் கௌரவமான வீட்டுப் பெண்ணின் பெயரைப் பொது இடத்தில் சொல்வதே மரியாதைக் குறைவு. நீதிமன்றத்தில் பேசுகிறவர்கள் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே சுற்றி வளைத்துப் போவார்கள். நம் பாட்டிமார் தாத்தா பெயரைச் சொல்லாமல் சமாளித்ததை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். அதனால் ஆயிரக்கணக்கான கிரேக்கப் பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது கல்லறைகளிலும் காணிக்கைக் கற்களிலும்தான்.

அப்படிக் கிடைத்ததில் என்னால் மறக்க முடியாத ஒன்று பிராஸிகிளேயாவின் கல். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் மெரெந்தா என்ற இடத்தில் ஒரு தேவாலயத்தில் எழுத்துப் பொறித்த பீடம் மட்டும் வெகு காலமாக இருந்தது. சிலை இல்லை. 1972-இல் அருகில் தோண்டியபோது ஒரு குழிக்குள் இரண்டு சிலைகள் படுத்திருந்தன, ஒன்று இளைஞன், ஒன்று பெண். பெண் சிலை அந்தப் பீடத்தில் சரியாகப் பொருந்தியது. கி.மு. 550-க்குச் சற்றுப் பிந்தையது, செய்தவன் பாரோஸ் தீவின் அரிஸ்தியோன். தலையில் மலர் மொட்டுக் கிரீடம், கையில் விரியாத தாமரை மொட்டு ஒன்று. பீடத்தில் அவளே பேசுகிறாள்: இது பிராஸிகிளேயாவின் கல்லறை, என்னை எப்போதும் கன்னி என்றே அழைப்பார்கள், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குக் கொடுத்த பெயர் இது. அவள் பெயரின் பின்பாதி, கிளியோபாட்ராவில் வந்த அதே 'புகழ்'. முன்பாதி 'காட்டு, கவனிக்கச் செய்' என்ற வினை. கண்ணுக்குத் தெரிகிற புகழ். பெற்றவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்துவிட்டு அவள் அதைச் சாதித்துவிட்டாள்.

ஒட்ட வைத்த அர்த்தங்கள்

இனிமேல்தான் பட்டியல்கள் சறுக்கும் இடம்.

என் பாட்டி பெயரும் ஆக்னஸ். அவர் வீட்டில் மாட்டியிருந்த படத்தில் புனித ஆக்னஸ் ஓர் ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு நிற்பார். பெயருக்கே அதுதான் அர்த்தம் என்று பாட்டி சொல்வார். லத்தீனில் 'ஆக்னுஸ்' என்றால் ஆட்டுக்குட்டிதான். ஆனால் பெயர் லத்தீன் கிடையாது. கிரேக்க 'ஹக்னே', தூயவள். ரோமில் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட சிறுமியின் கிரேக்கப் பெயர், லத்தீன் காதுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி கேட்டது. அவ்வளவுதான். ஓவியர்கள் ஆட்டைச் சேர்த்தார்கள். அவர் திருநாளான ஜனவரி 21-இல் ரோமில் நிஜ ஆட்டுக்குட்டிகளை மந்திரிக்கும் வழக்கமே வந்துவிட்டது. தவறான அர்த்தத்துக்கு உயிருள்ள சாட்சி!

கேத்தரினுக்கு நேர்மாறான கதை. 'கதாரோஸ்' என்றால் தூய்மையான. ஆகவே கேத்தரின் என்றால் தூயவள் என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். ஆனால் கிரேக்கர்கள் அந்தப் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள்: எகத்தெரீனி. அதில் வருவது வல்லின 'த', 'கதாரோஸ்' என்ற சொல்லில் வருவது வேறு எழுத்து, காற்றோடு வரும் 'த'. இரண்டும் ஒரே வேராக இருந்தால் கிரேக்கர்களுக்கே எழுத்துப்பிழை வந்திருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், பெயர் மேற்கே போனபோது யாரோ 'கதாரோஸ்' நினைவில் எழுத்தை மாற்றிவிட்டார்கள். மாற்றிய எழுத்தையே பின்னால் வந்தவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள். உண்மையான வேர் எது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு கிடையாது. ஹெலனும் இதே கதிதான். தீப்பந்தம் என்பார்கள், நிலா என்பார்கள். டிராய் போருக்குக் காரணமானவள் பெயரின் வேரை யாராலும் உறுதியாகப் பிடிக்க முடியவில்லை. அதீனா, ஆர்ட்டெமிஸ் போன்ற தெய்வப் பெயர்களுக்கும் அப்படியே. கிரேக்கர்கள் அந்த மண்ணுக்கு வரும் முன்பே இருந்த மொழிகளிலிருந்து சில வந்திருக்கலாம் என்பார்கள். இவற்றை உடைக்க முயலாமல் விட்டுவிடுவதே மரியாதை.

வெரோனிக்கா விஷயம் இன்னும் சுவையானது. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் இயேசுவின் முகத்தைத் துணியால் துடைக்கும் பெண். துணியில் முகம் பதிந்தது. 'வேரா' என்றால் உண்மை, 'ஐக்கன்' என்றால் உருவம். உண்மை உருவம், வெரோனிக்கா. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் பெயர் அதற்கு முன்பே இருந்தது. பெரனிக்கே. 'வெற்றியைக் கொண்டு வருபவள்' என்ற பெயரின் மாசிடோனிய உச்சரிப்பு. மற்ற கிரேக்கர்கள் ஃபெரெனிக்கே என்பார்கள். மாசிடோனியர் வாயில் 'ஃப' 'ப' ஆகிவிடும். தமிழ் பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் அகிரிப்பா ராஜாவோடு வரும் பெர்னீக்கேயாளின் பெயரும் இதுவே.

எகிப்தை ஆண்ட மாசிடோனியக் குடும்பத்தில் பெரனிக்கேகள் நிறையப் பேர். ஒருத்தி, போருக்குப் போன கணவன் மூன்றாம் தாலமி பத்திரமாகத் திரும்பினால் முடி காணிக்கை கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள், கொடுத்தாள். கோயிலில் வைத்த கூந்தல் காணாமல் போனது. அரசவை வானியலாளர் கோனோன், அது வானத்துக்குப் போய்விட்டது என்று ஒரு மங்கலான நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டிச் சமாளித்தார். 'பெரனிக்கேயின் கூந்தல்' இன்றும் வானியலார் ஏற்ற 88 விண்மீன் மண்டலங்களில் ஒன்று. இன்னொரு பெரனிக்கேயின் பெயரை அவள் மகன் இரண்டாம் தாலமி செங்கடல் கரையில் ஒரு துறைமுகத்துக்கு வைத்தான். அந்த பெரனிக்கே துறைமுகத்தைத் தோண்டியபோதுதான் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தது. ஒரு கோயில் தரையில் புதைந்த இந்தியச் சாடியில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகும் கிடைத்தது. நம் ஊர் மாலுமிகள், வெரோனிக்கா என்ற பெயர் ஐரோப்பாவைச் சுற்றி நம்மிடம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அந்தப் பெயரை ஊர்ப் பெயராகச் சொல்லிப் பழகியிருப்பார்கள்.

மார்கரெட்டும் அப்படி நமக்குப் பக்கத்து வீட்டுப் பெயர். 'மர்கரீதேஸ்' என்றால் முத்து. கிரேக்கமே கிழக்கத்திய மொழி ஒன்றிடம் கடன் வாங்கிய சொல். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட கடல் வணிகக் கையேடு ஒன்று, முசிறிப் பக்கத்துத் துறைகளில் மிளகோடு நல்ல முத்தும் ஏராளமாகக் கிடைக்கும் என்கிறது. அங்கே எழுதியிருக்கும் சொல் இதே மர்கரீதேஸ்தான். கொற்கையைக் 'கொல்கோய்' என்று குறிப்பிட்டு, அங்கே தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளிக்கிறார்கள் என்றும் சொல்கிறது. முத்துலட்சுமி, முத்துமாரி எல்லாம் மார்கரெட்டின் சொந்தக்காரிகள் என்று நான் சொன்னால் நம்புவீர்களா?

கடைசியாக பிலோமினா. 1802-இல் ரோமின் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் ஒரு சமாதியை மூன்று சுட்ட ஓடுகள் மூடியிருந்தன. வரிசையாகப் படித்தால் 'லூமெனா, பாக்ஸ் தெ, கும் ஃபி' என்று அர்த்தமே இல்லாமல் வந்தது. முதல் ஓட்டைத் தூக்கிக் கடைசியில் வைத்தார்கள்: 'பாக்ஸ் தெகும் ஃபிலூமெனா', பிலூமெனா, உனக்குச் சமாதானம். மூன்று ஓட்டிலிருந்து ஒரு புனிதை எழுந்தார். மைசூருப் பேராலயம் வரை அவர் பெயர் பரவியது. 1961-இல் வத்திக்கான் அவர் திருநாளை வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. 'ஒளியின் மகள்' என்று பக்திப் புத்தகங்கள் லத்தீனில் பிரித்து அர்த்தம் சொல்லும். கிரேக்கத்தில் பிரிக்க ஒன்றுமில்லை: பிலூமேனே, நேசிக்கப்படுகிறவள். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

கிரீஸில் இன்று

இன்றைய கிரீஸில் பெண்களிடையே அதிகம் காணப்படும் பெயர் மரீயா. அது எபிரேயத்திலிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. எலேனி, எகத்தெரீனி, வசிலிகீ, சோஃபியா, அனஸ்தசீயா எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. வசிலிகீ என்றால் அரசகுலத்தவள். அனஸ்தசீயா என்றால் உயிர்த்தெழுதல். நமக்கு விநோதமாகப் படுவது பரஸ்கெவி. கிரேக்க மொழியில் வெள்ளிக்கிழமைக்கே அதுதான் பெயர். ஓய்வு நாளுக்கு முந்தைய 'ஆயத்த நாள்'. ஞாயிற்றுக்கிழமைக்குக் கிரியாகி, ஆண்டவரின் நாள்; அதுவும் பெண் பெயர். அதன் ஆண்பால் கிரியாகோஸ். சிரியாக் மொழி வழியாகக் கேரளம் வந்து குரியாக்கோஸ் ஆனவர் அவரே.

முழுப் பெயரை வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. ராஜலட்சுமி ராஜி ஆவது மாதிரி பனயோத்தா யோத்தா ஆவாள், வசிலிகீ வாசோ ஆவாள், பரஸ்கெவி எவியோ வூலாவோ ஆவாள், கலியோப்பி போப்பி ஆவாள். கலியோப்பி என்றால் இனிய குரலாள், கலைத் தேவதை ஒருத்தியின் பெயர். போப்பி என்று கூப்பிடும்போது அந்தத் தேவதை எங்கே போனாளோ தெரியாது.

அப்பா பெயரிலிருந்து வரும் குடும்பப் பெயரும் பெண்ணுக்கு உருமாறும். அப்பா பாபதோபுலோஸ் என்றால் மகள் பாபதோபுலூ. 'பாபதோபுலோஸுடைய' என்று வேற்றுமை உருபு போட்ட வடிவம். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறாது. 1983-இல் வந்த குடும்பச் சட்டப்படி பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயரே சட்டப் பெயர்.

பிறந்தநாளை விடப் பெயர் நாள்தான் அங்கே பெரிய விசேஷம். மே 21-இல் எலேனிகள், நவம்பர் 25-இல் எகத்தெரீனிகள், ஆகஸ்ட் 15-இல் மரீயாக்களும் பனயோத்தாக்களும். செப்டம்பர் 17-இல் சோஃபியாவோடு அவள் மகள்களான விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூவருக்கும் சேர்த்து. புனிதர் யாரும் இல்லாத பழைய பெயர் என்றால், அனைத்துப் புனிதர் ஞாயிறு அன்று கொண்டாடிக்கொள்ளலாம். வாழ்த்துச் சொல்ல ஒரே வாக்கியம்தான்: 'ஹ்ரோனியா பொல்லா'. சொல்லுக்குச் சொல், பல்லாண்டு.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோருக்குப் பெரிய வேலை இல்லை. பேரப்பிள்ளைக்குத் தாத்தா பாட்டி பெயரை வைப்பது மரபு. பேரன், பேத்தி என்ற நம் சொற்களிலேயே பெயர் ஒளிந்திருப்பதால் இதை நாம் விளக்கம் இல்லாமல் புரிந்துகொள்வோம். பெரும்பாலான இடங்களில் மூத்த மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். கார்பதோஸ் போன்ற சில தீவுகளில் அம்மாவின் அம்மா பெயர். கார்பதோஸில் அந்த மூத்த மகளைக் 'கனக்கரா' என்பார்கள், பழைய வழக்கப்படி அம்மா வழிச் சொத்தும் அவளுக்கே. பெயரும் நிலமும் ஒன்றாகப் போகும். மருமகளுக்கும் மாமியாருக்கும் இந்தப் பெயர் விஷயத்தில் வரும் மனத்தாங்கல்கள் நமக்குத் தெரியாதவை அல்ல.

ஞானஸ்நானம் வரை குழந்தைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடுகள் உண்டு. வெறும் 'பேபா', பாப்பா என்பதுதான். சில சமயம் ஒரு வருடம்கூட அப்படியே ஓடும். பழைய கிராம வழக்கத்தில் தாய் தேவாலயத்துக்குள் வரமாட்டாள். உள்ளே ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ பெயரை உரக்கச் சொன்னதும், வாசலில் காத்திருக்கும் தெருப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு தாய் இருக்கும் வீட்டுக்கு ஓடுவார்கள். முதலில் போய்ப் பெயரைச் சொல்கிற பிள்ளைக்குக் காசு. மாமியார் பெயர்தான் வரப்போகிறது என்று அவளுக்கு எப்போதோ தெரியும். இருந்தாலும் முந்தானையில் சில்லறையை முடிந்துகொண்டு, வாசலைப் பார்த்தபடி காத்திருப்பாள்.